பொட்டாஷில் உப்பு

உரம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் தரப் பிரிவு ஆளுக்கு நல்ல சேதி சொல்ல யாரும் போன் செய்வதில்லை. கப்பல் சரக்கு சரியாக இருந்தால் என் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. அதனால் காலையில் சென்னை மேலாளரின் எண்ணைப் பார்த்ததுமே தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

"கீழச்சிவல்பட்டி டீலர்கிட்ட கவர்மென்ட்ல எடுத்த பொட்டாஷ் சாம்பிள் ஃபெயில். உப்பு அதிகம்னு ரிப்போர்ட். நம்ம கப்பல் சாம்பிள் பாஸ் ஆகியிருக்கு. அப்ப என்ன அர்த்தம்? டீலர் கை வச்சிருக்காங்க. போய்ப் பார்த்துட்டு ஒரு ரிப்போர்ட் எழுதிடுங்க."

"பார்த்துட்டு எழுதவா, எழுதிட்டுப் பார்க்கவா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் விற்கும் சிவப்புப் பொட்டாஷ் வெளிநாட்டில் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. கப்பலில் மூட்டையில்லாமல் குவியலாக வரும். துறைமுகத்தில் இறக்கும்போது ஒரு சாம்பிள் எடுத்துச் சோதித்து, மிச்சத்தை வைத்துக்கொள்வோம். பிறகுதான் ஐம்பது கிலோ மூட்டையாகத் தைத்து அனுப்புவது. சாதாரண உப்பும் பொட்டாஷும் பூமிக்குள் ஒன்றாகவே கிடப்பவை. அதனால் பொட்டாஷில் இயற்கையாகவே கொஞ்சம் உப்பு இருக்கும். அது மூன்றரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பொட்டாஷ் சத்து அறுபதுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஏமாற்ற நினைப்பவருக்கு உப்பைவிட வசதியான பொருள் இல்லை. விலை மலிவு, தண்ணீரில் கரையும், சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டால் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. செங்கல் தூள் கலந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மணல் கலந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் அவசரக்காரர்கள். உப்பு கலப்பவர் யோசித்துக் கலப்பவர்.

இந்த எண்ணத்தோடுதான் காரைக்குடியிலிருந்து பைக்கை எடுத்தேன்.

1. வாசலில் ஒரு பகடி

கடை, ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தது. வீட்டுக்காரர்கள் வெளியூரில். முன்பக்கம் பூட்டிக் கிடக்க, பின்பக்கத்துக் கூடத்தை வாடகைக்கு எடுத்து உரக்கடை நடத்தியவர் மீனாள். நாற்பது வயதிருக்கும். கணவர் சிங்கப்பூரில் வேலை. உர உரிமம் இவர் பெயரில். அந்த வட்டாரத்தில் பெண் நடத்தும் உரக்கடை அது ஒன்றுதான்.

நான் வண்டியை நிறுத்தும்போது வாசலில் ஒரு தோப்புக்காரர் சைக்கிளில் காலூன்றி நின்றுகொண்டிருந்தார். பெயர் ராசு என்று பிறகு தெரிந்தது.

"ஏத்தா மீனா, வீட்டுல கொழம்புக்கு உப்பு தீந்து போச்சாம். ஒரு கிலோ பொட்டாஷ் குடு."

உள்ளேயிருந்து மீனாள் குரல் வந்தது. "ஒங்க வீட்டுக் கொழம்புக்கு உப்பு போட்டு என்ன செய்ய மச்சான்? திங்கிறவுகளுக்கு ரோசம் வரணும்ல."

"அடேங்கப்பா, லைசன்சு போற நேரத்துலயும் வாய் கொறையலயே" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

நான் உள்ளே போனபோது மீனாள் முகத்தில் அந்தப் பதிலின் தைரியம் கொஞ்சமும் இல்லை. மூட்டை அடுக்கின் மேல் விற்பனைத் தடை உத்தரவு ஒட்டியிருந்தது. மேசையில், உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ்.

"கம்பெனியா?" என்றார். "வாங்க. நீங்களும் உப்பைத் தேடித்தான வந்திருக்கீக?"

தேட வேண்டியிருக்கவில்லை. பொட்டாஷ் அடுக்குக்கு எதிர்ச் சுவர் ஓரமாகவே கல்லுப்பு மூட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

என் வேலை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றுபவர் உப்பை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்திருப்பாரா? இல்லை, அப்படி நான் நினைக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறாரா? இந்தத் தொழிலில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

"இது எதுக்கு?"

"தென்னைக்கு சார். கன்னு வைக்கிற குழியில போடுவாக. காய்க்கிற மரத்துக்கு மழை பேஞ்சதும் பொட்டாஷோட சேத்துப் போடுவாக. இங்குட்டு எல்லா உரக்கடையிலயும் உப்பு இருக்கும்."

அது உண்மைதான். இந்தப் பக்கம் பிறந்த எனக்கே தெரியும்.

"யார் கலக்கிறது?"

"அவுக தோப்புல கலந்துக்குவாக" என்றார். பதில் சட்டென்று வந்தது. கேள்வி முடியும் முன்பே வந்த பதில்களை நான் தனியாகக் குறித்துக்கொள்வது வழக்கம். இதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் காட்டினார். அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

"சாம்பிள் எடுத்தப்ப மூணு பங்கு வச்சு மூணு பொட்டலம் போட்டாக. ஒண்ணு லேபுக்குப் போச்சு. ஒண்ணு ஆபீசுல இருக்கு. இது எம் பங்கு. ஆபீசுல இருக்கத வேற லேபுக்கு அனுப்பச் சொல்லி மனு எழுதி வச்சிருக்கேன். நாளைக்குக் குடுக்கப் போறேன். மொத லேபுல எங்கயோ தப்பு நடந்திருக்கு சார். ரெண்டாவது லேபுல உண்மை தெரிஞ்சுரும்."

அதை அவர் தாலிச் சரடைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே வைக்கச் சொன்னேன்.

2. தையல்

முதலில் மூட்டைகளைப் பார்த்தேன். பிரித்துத் திரும்பத் தைத்த மூட்டையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. துறைமுகத்தில் மெஷின் தைத்த ஊசித் துளை ஒரே வரிசையில் இருக்கும். பிரித்துத் தைத்தால் பழைய துளைக்குப் பக்கத்தில் புதிய துளை விழும். நூலை அதே நிறத்தில் வாங்கிவிடலாம், துளையை மறைக்க முடியாது. டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டை வாயாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான். தராசில் வைத்துப் பார்த்ததிலும் எடை சரி.

மீனாள் நாற்காலியில் உட்காரவே இல்லை. நான் எந்த மூட்டையைத் தொடுகிறேனோ அதன் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஏதாவது போட்டுவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"என்மேலயும் சந்தேகமா?"

"கோவிச்சுக்காதீக சார். எல்லாரும் எம்மேல சந்தேகப்படும்போது நான் மட்டும் யார் மேலயும் படக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அவரை வைத்துக்கொண்டே, அரசு அதிகாரி துளைத்த அதே மூட்டைகளில், சாம்பிள் எடுக்கும் என் குழாயை மூலைக்கு மூலை குறுக்காகச் செருகி எடுத்தேன். நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் சுத்தமான பிளாஸ்டிக் தட்டில் கொட்டி, கரைத்து, கையடக்கச் சோடியம் மீட்டரில் பார்த்தேன். அந்த மீட்டர் கணக்கு கோர்ட்டில் நிற்காது. ஆனால் பொய்யும் சொல்லாது. உப்பு வரம்புக்குள் இருந்தது. வேறு மூட்டை, வேறு அடுக்கு என்று மாற்றிப் பார்த்தும் அதே கணக்கு.

மூட்டையில் உப்பு இல்லை. மூட்டையிலிருந்து எடுத்த சாம்பிளில் உப்பு இருக்கிறது.

அடுத்துச் சந்தேகம் எங்கள் ஆட்கள் மேலேயே போனது. மேலாளருக்கு ஏன் அவ்வளவு அவசரம்? கப்பல் சாம்பிள் பாஸ் என்றால் அது எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது? அதே கப்பல் சரக்கு வலையபட்டி டீலரிடமும் இருந்தது. மத்தியானமே போய் அங்கும் சோதித்தேன். அதுவும் சரி. எங்கள் ஆட்கள்மேல் தப்பில்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஆள்தான்.

3. வெள்ளை ஷீட்

சாம்பிள் எடுத்த உர ஆய்வாளர் கதிரேசன். மானகிரியில் வீடு. முப்பத்தைந்து வயதுக்குள். கடைக்காரர்களிடம் டீ கூடக் குடிக்க மாட்டார் என்று பெயர். மீனாளும் அதையேதான் சொன்னார், ஆனால் வேறு மாதிரி. "டீ வேணாம்னுட்டாக. அப்பவே நான் யோசிச்சிருக்கணும். எதிர்க்கடைக்காரன் என்ன குடுத்தானோ."

நான் கதிரேசனுக்குப் போன் செய்து, மீனாள் மனுக் கொடுக்கும் முன் ஒருமுறை கடைக்கு வரச் சொன்னேன். கம்பெனி ஆள் கூப்பிட்டால் வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் மறுநாள் காலை வந்தார்.

"அந்தம்மா உப்பு மூட்டையைப் பாத்தீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

"பார்த்தேன். நீங்க அன்னைக்கு எப்படி எடுத்தீங்களோ, அதே மாதிரி ஒருதடவை எனக்காக எடுத்துக் காட்ட முடியுமா?"

"எனக்கு எக்ஸாம் வைக்கிறீங்களா சார்?"

"கத்துக்கத்தான்."

நம்பவில்லை. ஆனாலும் செய்தார். நன்றாகவே செய்தார் என்று சொல்ல வேண்டும். குழாயைத் துடைத்தார், மூட்டை வாயின் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு முழு நீளமும் செருகினார், திருப்பினார், உருவினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து விரித்து அதில் கொட்டினார். எல்லா மூட்டையிலும் எடுத்ததை அதில் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, மறுபடி கலந்து, கடைசியில் மூன்று சம பாகம். புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே.

நான் பொட்டாஷைப் பார்க்கவில்லை. ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடிப்புக் கோடுகள் கூர்மையாக இருந்தன. ஓரத்தில் விலைச் சீட்டைக் கிழித்த இடத்தில் பசை இருந்தது. சிவப்புப் பொட்டாஷைக் கொட்டிய ஷீட் எதுவும் மறுபடி வெள்ளையாவதில்லை. துடைத்தாலும் கழுவினாலும் மடிப்பில் ஒரு செங்காவிச் சாயல் நிற்கும். என் தட்டே அப்படித்தான் இருக்கிறது.

"அன்னைக்கும் இந்த ஷீட்தானா?"

"ஆமா."

இதுவும் கேள்வி முடியும் முன்பே வந்த பதில்.

அதுவரை தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்த மீனாள் அங்கிருந்தே கத்தினார். "அன்னைக்கு இது எங்க சார் இருந்துச்சு? ஷீட்டு ஆபீசுல மறந்துட்டேன், ஏதாச்சும் விரிக்கக் குடுங்கன்னு ஏங்கிட்டதான கேட்டீக? நாந்தான தார்பாயை எடுத்துக் குடுத்தேன்!"

கதிரேசனின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை.

"சரிம்மா. உங்க தார்பாய்தான். அதுல என்ன இருந்துச்சுன்னு நீங்கதான சொல்லணும்?"

மீனாள் பின்முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் தான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், வேறு வேறு காரணத்துக்காக.

4. நீலத் தார்பாய்

அது பின்முற்றத்துக் கம்பிக் கொடியில் மடித்துத் தொங்கியது. நீல நிறம். நானே இறக்கினேன். விரிக்கும்போது மொறமொறவென்று ஓசை கேட்டது. மடிப்புகளில், தைத்த ஓரங்களில், சிவப்பாக ஒரு பக்குப் படிந்திருந்தது. பார்ப்பதற்குப் பொட்டாஷ் தூள்தான். நகத்தால் பெயர்த்து உடைத்தேன். உள்ளே வெள்ளை.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். வெயில் வந்தால் இறுகிப் பக்காக ஒட்டிக்கொள்ளும். மேலே பொட்டாஷ் தூள் பூசியதும் அடையாளம் போய்விடும். அதன்மேல் புதிய பொட்டாஷைக் கொட்டி, கையால் தேய்த்துத் தேய்த்துக் கலந்தால் பக்கு உதிர்ந்து அதோடு சேர்ந்துவிடும். சாம்பிள் மொத்தமே ஒன்றரை இரண்டு கிலோதான். ஒரு சின்னக் கைப்பிடி உப்பு போதும், கணக்கு வரம்பைத் தாண்ட.

பெயர்த்ததைக் கரைத்து மீட்டரை வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

மீனாள் மெதுவாகச் சொன்னார். "தோப்புக்காரவுக இங்கயே கலந்து வண்டியில ஏத்தித் தரச் சொல்லுவாக. அங்குட்டுப் போயி ஆள் பிடிச்சுக் கலக்கணும்ல, அதான். அவுக ஆளே கலப்பாக. தார்பாய் மட்டும் என்னுது. கடையில வச்சுக் கலக்கக் கூடாதுன்னு தெரியும். அதான் சொல்லல."

உரிமத்தின்படி கடைக்குள் உரத்தை எதனோடும் கலக்கக் கூடாது. விவசாயி தன் தோப்பில் என்ன செய்தாலும் கேள்வியில்லை. அதையே கடை முற்றத்தில் செய்தால் தப்பு.

"அப்ப மூணாவது பொட்டலம்..." என்று ஆரம்பித்த மீனாள் பாதியில் நின்றுவிட்டார்.

"அதுவும், ஆபீசுல இருக்கிறதும் இந்தத் தார்பாய்லேர்ந்து அள்ளினதுதான்" என்றேன். "மனுக் குடுத்து வேற லேபுக்குப் போயிருந்தா அங்கயும் ஃபெயில் ஆயிருக்கும். ரெண்டு லேபும் ஒரே மாதிரி சொன்னப்புறம் யாரு என்ன பேசினாலும் எடுபடாது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாளும் மேசையில் பூட்டி வைத்திருந்த நம்பிக்கைதான் அவரை முடித்துவிடப் போகிற பொருள் என்று இப்போதுதான் தெரிந்தது.

கதிரேசன் சற்றுத் தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், சுத்தமான ஷீட்ல எடுத்தேன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். இதை எழுதினா எனக்கு மெமோ வரும். நீங்க கம்பெனி. உங்க சரக்கு சரின்னு எழுதிட்டுப் போயிடலாமே. அது பொய் இல்லையே."

பொய் இல்லைதான். என் மேலாளர் கேட்டதும் அதுதான். எங்கள் சரக்கு சரி என்ற ஒரு வரியோடு நான் போயிருந்தால், மீதியை அந்த வரியே செய்து முடித்திருக்கும். கப்பலில் உப்பு இல்லை, கடையில் உப்பு மூட்டை இருக்கிறது. படிப்பவர் தானே கூட்டிக்கொள்வார்.

"நான் தார்பாயையும் எழுதப் போறேன்" என்றேன்.

"அப்ப இந்தம்மா முற்றத்துல கலக்க விட்டதையும் நான் எழுத வேண்டியிருக்கும்" என்று உரக்கச் சொன்னார். அது எனக்கு இல்லை, மீனாளுக்கு.

மீனாள் படியிலிருந்து எழுந்து வந்தார்.

"எழுதுங்க சார். என் முத்தத்துல வச்சுக் கலந்தாகன்னு எழுதுங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. உப்பைப் போட்டு ஏமாத்துனேன்னு மட்டும் எழுதிராதீக. நாளைக்கு நான் இந்த ஊருலதான தண்ணி எடுக்கப் போகணும்."

கதிரேசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு பேப்பர் குடுங்கம்மா" என்றார்.

அந்தக் கடையின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். ஷீட் எடுத்து வராததை முதலில் எழுதினார். அவர் எதை முதலில் எழுதுகிறார் என்று நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர்மேல் சந்தேகம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் மீனாள் டீ கொண்டுவந்து வைத்தார். அன்று குடித்தார்.

5. பிறகு

மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கப்பல்ல இல்ல, மூட்டையில இல்ல, தார்பாய்ல இருந்துச்சா? செட்டிநாட்டுச் சாப்பாடு போட்டு நல்லா கவனிக்கிறாங்க போல" என்றார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அதையே சொன்னார். நான் என்ன வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே கேட்டுவிட்டார். தார்பாய்ப் பக்கை ஒரு டப்பாவில் போட்டு ரிப்போர்ட்டோடு அனுப்பினேன். அதற்குப் பின் பேச்சில்லை.

வேளாண்மைத் துறையில் கதிரேசனுக்கு மேலே உள்ள அதிகாரி தானே வந்து, கதிரேசனை ஓரமாக நிற்கவைத்து, தன் ஷீட்டில் புதிதாகச் சாம்பிள் எடுத்தார். அது பாஸ் ஆனது. விற்பனைத் தடை நீங்கியது. உரிமம் தப்பியது. முற்றத்தில் கலக்க விட்டதற்கு மீனாளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. கதிரேசனுக்கு அவர் பயந்த மெமோ வந்தது.

ஊர் வாய் மட்டும் உடனே அடங்கவில்லை. ராசு சில நாள் பொட்டாஷை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டே வாங்கிப் போனாராம். மறுபடி மழை பெய்து தென்னைக்கு உரம் வைக்கும் நேரம் வந்ததும், வழக்கம்போல உப்பையும் பொட்டாஷையும் கலந்து ஏற்றச் சொல்லியிருக்கிறார். மீனாள் இரண்டையும் தனித்தனி மூட்டையாக வண்டியில் ஏற்றி, "ஒங்க தோப்பு, ஒங்க தார்பாய், ஒங்க கை. கெளம்புங்க மச்சான்" என்று அனுப்பியிருக்கிறார்.

இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஆளைச் சந்தேகப்படுவது சுலபம். முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, சுவர் ஓரத்தில் உப்பு மூட்டை இருக்கிறது. சாம்பிள் பட்ட பொருள்களையெல்லாம் வரிசையாகச் சந்தேகப்படுங்கள். குழாய், தட்டு, ஷீட், பை, கை. ஆட்களுக்கு அப்புறம் வரலாம். அப்படிச் செய்திருந்தால் ஊசித் துளைகளை எண்ணிய நேரத்தில் கொடியில் தொங்கிய தார்பாயைத் தொட்டிருப்பேன்.

போன பருவத்தில் அடுத்த கப்பல் சரக்கைப் பார்க்க அந்தக் கடைக்குப் போனேன். மீனாள் வாங்க என்று சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்டார். சரக்கு வைத்திருக்கும் கிட்டங்கியின் சாவியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஷீட்டு கொண்டாந்தீகளா?"

எடுத்துக் கொடுத்தேன். முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு மடிப்பாகக் கட்டைவிரலால் நீவி, விரலைப் புடவையில் துடைத்து, துடைத்த இடத்தையும் பார்த்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார்.